மாரிச்செல்வியின் நெஞ்சுக்காவல்

ஐப்பசி அடைமழை விட்டு, மலையிலிருந்து இறங்கிய ஓடைத்தண்ணீர் செவக்காட்டூர்த் தெருக்களில் கணுக்கால் அளவுக்கு நின்று வடிந்த மறுநாள் காலையில், மினிபஸ் கண்டக்டர் மாரிச்செல்வியின் நெஞ்செலும்புக் குழியிலிருந்து அவளுடைய காவல்காரர்கள் வரிசையாக இறங்கி வெளியே வந்தார்கள். எள்ளைவிடச் சிறியவர்கள், உருண்டையானவர்கள், சிப்பியின் உள்பக்கத்தைப் போல மினுங்குகிறவர்கள். காய்ச்சலில் கிடந்த மனைவியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்புடாதி, மழைக்குப் புறப்பட்ட ஈசல்தான் சிறகை உதிர்த்துவிட்டு ஊர்கிறது என்று முதலில் நினைத்து, தட்டிவிடக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவர்கள் அவளுடைய தோலைக் கிழிக்கவில்லை, ஊற்றுக்கண்ணில் நீர் கசிவது போலக் கசிந்து, கூடி, கட்டில் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, அவனுடைய பாதத்தருகே வந்து நின்று, ஒவ்வொருவராக அவன் பெருவிரலைத் தொட்டார்கள். தொட்டு, ஒரு கணம் யோசித்து, சரி என்பது போல விலகிப் போனார்கள். கடைசி ஆள் தொட்டு முடிக்கிறவரைக்கும் முப்புடாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்வையில்லாத ஒருவர் தன் முகத்தைத் தடவிப் பார்த்து, நீதானா என்று கேட்டது போல இருந்தது அவனுக்கு. பிறகு அவர்கள் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போனார்கள்.

அந்த மழையோடு ஊருக்குள் ஒரு காய்ச்சல் வந்திருந்தது. வீட்டுக்கு வீடு ஆள் சுருண்டு கிடந்தது. ஏறுவதற்கு ஆளில்லாமல் மினிபஸ் நின்றுபோனது. முப்புடாதி அதற்கு டிரைவர், மாரிச்செல்வி கண்டக்டர். கல்யாணம் ஆன மறு வருஷத்திலிருந்து இருவரும் ஒரே வண்டியில்தான் ஊருக்கும் டவுனுக்குமாகப் போய்வந்து கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் அவன் வீட்டில் சும்மா இருந்தான். அவளால் இருக்க முடியவில்லை. பெரிய குண்டானில் கஞ்சி காய்ச்சி, ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் டம்ளருமாகத் தெருத்தெருவாகப் போனாள். எழுந்திருக்க முடியாதவர்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு புகட்டினாள், வேண்டாம் என்றவர்களை பஸ்ஸில் அதட்டுகிற அதே குரலில் அதட்டினாள். எல்லா வீடும் முடிந்த பிறகு அவளும் விழுந்தாள். விழுந்தவள் அனத்தினதெல்லாம் ஒன்றுதான்: "பாவம், எல்லாரும் கெடக்காங்களே, பாவம், எல்லாரும் கெடக்காங்களே." அதைக் கேட்டுத்தான் அவர்கள் இறங்கிப் போனார்கள் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் யாரும் தேடவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் செவக்காட்டூர் எழுந்து உட்கார்ந்துவிட்டது. வேர்த்து நனைந்த பாயை வெயிலில் போட்டார்கள், பசிக்கிறது என்றார்கள், அடுப்புகள் புகைந்தன. எல்லார் உள்ளங்கையிலும் ஒரு கூச்சம் மிச்சமிருந்தது. அந்தக் காவல்காரர்கள் உள்ளங்கையில் ஏறி, ஒரு கணம் நின்று, மணலுக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி தோல் வழியே இறங்கி, உள்ளே எதையோ முடித்துவிட்டு மணிக்கட்டு வழியாக வெளியே வந்து அடுத்த வீட்டுக்குப் போனதாக எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எந்த வீட்டையும் விடவில்லை. சுடுகாட்டுப் பாதையில் மனைவியோடு ஒதுக்குப்புறமாகக் குடிசை போட்டிருக்கிற சங்கிலி மாமா வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர் நெஞ்சில் பழைய காசநோய் விட்டுப்போன குழிகளுக்கு வெளியே, வாசலில் கம்பு ஊன்றிய ஆட்கள் மாதிரி ஒரு கூட்டம் நிரந்தரமாகவே நின்றுவிட்டது. இருபது வருஷமாக ஊரை எழுப்பிக்கொண்டிருந்த இருமல் அன்றைக்கு நின்றது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் நூருன்னிசா மறுநாள் வந்தாள். வயதில் சின்னவள், அதிகம் பேசாதவள். பூதக்கண்ணாடியை எடுத்து வாசல்படியில் ஊர்ந்துகொண்டிருந்தவர்களைக் குனிந்து பார்த்தாள், பிறகு கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க எல்லார் உடம்புலயும் இருக்கிறவங்கதான்" என்றாள் கடைசியில். "டி செல்னு சொல்லுவோம். எலும்பு மஜ்ஜையில பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சின்னச் சுரப்பி இருக்கு, அங்க வந்து படிப்பாங்க. அது பள்ளிக்கூடம் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா ரொம்பக் கண்டிப்பான பள்ளிக்கூடம். நம்ம உடம்போட அடையாளத்தைப் படிக்கத் தெரியாதவன் அங்கயே முடிஞ்சு போவான். படிக்கத் தெரிஞ்சும் சொந்த உடம்பையே கடிக்கிறவனா இருந்தா அவனையும் பெரும்பாலும் வெளிய விடமாட்டாங்க. நூறு பேர் உள்ள போனா ரெண்டு மூணு பேர்தான் வெளிய வருவாங்க. அந்த ரெண்டு மூணு பேர்தான் நம்மள உயிரோட வச்சிருக்காங்க."

முப்புடாதி கேட்டுக்கொண்டே தன் நெஞ்சை ஒருதரம் தடவிப் பார்த்தான். இத்தனை வருஷம் அந்த இடத்தில் சட்டைப் பையில் பீடிக்கட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான்.

"செல்வி ஒடம்பப் படிச்சவங்கன்னா, ஊர்க்காரங்க இவங்களுக்கு அந்நியம்தானே டாக்டரம்மா? எங்களை ஏன் கடிக்கல?"

"நியாயமா கடிச்சிருக்கணும். ஏன் கடிக்கலன்னு எனக்குத் தெரியாது."

உள்ளே கட்டிலில் இருந்து மாரிச்செல்வி மெதுவாகச் சொன்னாள்: "டிக்கெட்டு குடுக்கையில எங் கை படாத கை இந்த ஊருல எது இருக்கு டாக்டரம்மா?"

டாக்டர் போகிறபோது படியைத் தாண்டுவதற்கு முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஊர் பழகிக்கொண்டது. மழைக்கு, கரண்டு போவதற்கு, வராத தண்ணிக்குப் பழகிக்கொள்கிற ஊருக்கு இது பெரிய காரியமில்லை. விடிந்ததும் அவர்கள் சுற்றுக்குக் கிளம்புவார்கள் என்பதால் பெண்கள் அதற்கு முன்னால் வாசல் தெளிப்பதை நிறுத்தினார்கள். ஆண்கள் பல் விளக்கியதும் விளக்காததுமாக வாசலில் குத்தவைத்து, திருநீறு வாங்குகிற மாதிரி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தூங்குகிற பிள்ளைகளின் கையை விரித்துத் தலையணை மேல் வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் செண்பகராமன் தெருமுனையில் 'காவல் வரும் நேரம், வாகனங்கள் நிற்கவும்' என்று பலகை எழுதி வைத்தார். அந்தப் பலகைக்கு முன்னால் மினிபஸ்ஸை நிறுத்தி, மனைவியின் நெஞ்சுக்குள் இருந்து வந்தவர்கள் ரோட்டைக் கடந்து முடிக்கிறவரை காத்திருந்துதான் முப்புடாதி தினமும் வண்டியை எடுத்தான். வந்தவர்களில் வேலைக்கு வேலை ஆள் வேறு என்று ஊர் கண்டுபிடித்து, பேரும் வைத்தது. கெட்டதைக் கண்டதும் தான் ஒன்றும் செய்யாமல் மற்றவர்களைத் திரட்டுகிறவர்கள் கூப்பாட்டுக்காரர்கள். நேரே போய் முடிக்கிறவர்கள் கைகாரர்கள். முடித்தது போதும், திரும்பு என்று மற்றவர்களைத் தணித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் சமாதானக்காரர்கள். எதுவும் செய்யாமல் ஓரமாகவே நிற்கிற சிலரை என்ன சொல்வது என்று தெரியாமல் டாக்டரிடம் கேட்டார்கள். "அவங்க ஞாபகம் வச்சுக்கிறவங்க" என்றாள் அவள். "ஒரு தடவ பார்த்ததை மறக்கமாட்டாங்க."

அன்னக்கொடி என்று ஒருத்தி, புருஷன் கேரளத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிறான், கைப்பிள்ளைக்காரி. அவள் பிள்ளையின் முழங்கையில் நீர்க்கொப்புளம் எழும்பியிருந்தபோது டாக்டர் அதன்மேல் கண்ணாடியைப் பிடித்து முப்புடாதியைப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடி அன்றைக்கு ஏனோ கண்ணாடிக்கு உள்ள சக்திக்கு மேலேயே காட்டியது. தோலுக்கு அடியில் வீடு வீடாக அணுக்கள் இருந்தன, ஒவ்வொரு வீடும் தனக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து வாசலில் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றது. கைகாரன் ஒருவன் ஒவ்வொரு வாசலாக நின்று, தொட்டு, பார்த்து, நகர்ந்தான். ஒரு வாசலில் நின்றவன் நகரவில்லை. அந்த வீட்டுக்குள் திருடன் குடியேறியிருந்தான். கைகாரன் அந்த வீட்டோடு உடம்பை ஒட்டி, ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு நொடி சாய்ந்திருந்துவிட்டு விலகினான். பின்னால் அந்த வீடு சத்தமில்லாமல் தன்னைத்தானே மடித்து, சிறு சிறு பொட்டலமாகி, திருடனோடு சேர்ந்து இல்லாமல் போனது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கீறல் இல்லை.

முப்புடாதி நிமிர்ந்தபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"கோவமே இல்லையே டாக்டரம்மா."

"கோவமில்ல. அடையாளம் பாக்கிறாங்க, அவ்வளவுதான். இந்த நிமிஷம் உங்களுக்குள்ளயும் இதேதான் நடந்துட்டு இருக்கு. நீங்க பிறந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட நிக்காம."

அன்றைக்கு டவுனிலிருந்து ஆளேற்றிக்கொண்டு திரும்புகையில், முன்னால் போகிற சைக்கிள்காரன், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள், படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் என்று பார்த்த ஒவ்வொருவருக்குள்ளும் இத்தனை ஆயிரம் பேர் வாசல் வாசலாகத் தொட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று நினைத்து, ஹாரன் அடிக்கக்கூடக் கூசியது அவனுக்கு.

ஊர் இப்படி இருக்க, இறங்கிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வராமல் மாரிச்செல்வி வெறும் நெஞ்சோடு கிடந்தாள்.

முதலில் வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. பிறகு, எல்லார் வீட்டுச் சுவரிலும் மழைக்காலத்தில் பூக்கிற பூஞ்சை அவளுக்கு மட்டும் மூச்சுக்குள் போய் முளைத்தது. ஒரு செவ்வந்திப் பூவின் தூள், தயிரின் புளிப்பு, ஆட்டுக்குட்டி நக்கிய விரல், எது வேண்டுமானாலும் அவளைச் சாய்த்தது. டாக்டர் அறையை அடைக்கச் சொன்னாள், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொன்னாள், மாத்திரைகளையும் மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து எப்படியோ அவளை நிறுத்தி வைத்தாள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் மஜ்ஜை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றார்கள், அவள் ஒற்றைப்பிள்ளை. புதுசாகப் படித்து வரட்டுமென்று காத்திருக்கவும் வழியில்லை, நெஞ்சுக்குள் இருக்கிற பள்ளிக்கூடம் வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போவது, அவள் வயதில் பாதி வகுப்பறைகள் மூடியாயிற்று என்று சொல்லி அனுப்பினார்கள். முப்புடாதி டெட்டால் தண்ணீரில் குளித்து, கொதிக்கவைத்த வேட்டியைக் கட்டி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் போகலாம் என்று ஆனது. அவளைத் தொடக்கூடாது என்றும் ஆனது.

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசிக்கொண்டிருந்தவள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். ஆரம்பத்தில் ஊர் ஜன்னலுக்கு வந்தது. அழுதது, கும்பிட்டது, கொண்டுவந்த முறுக்கையும் பழத்தையும் அவள் சாப்பிடக்கூடாது என்று தெரிந்து திரும்பக் கொண்டுபோனது. பிறகு வேலைவெட்டி இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் நோய் வராத ஊரில் பெண் கொடுக்கப் போட்டி போட்டார்கள், கல்யாணங்கள் நடந்தன. மருந்துக்கடைக்காரர் மருந்தை ஒதுக்கிவிட்டு செல்போன் கவர் விற்றார். தை மாதம் தலைவர் செண்பகராமன் மாரிச்செல்வியின் படம் போட்டு, தலைக்குப் பின்னால் சூரியக் கதிர் விட்டு, ஜன்னலுக்கு நேராகவே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்.

"செத்தவளுக்கு வைக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

அன்றைக்கு முப்புடாதி டாக்டரிடம் போய், அவர்களைத் திருப்பிக் கூப்பிடுவது எப்படி என்று கேட்டான்.

"கூப்பிடுற சத்தம் எங்க இருக்கோ அங்கதான் போவாங்க" என்றாள் டாக்டர். "உடம்புக்குள்ள அப்படித்தான். சத்தம் ஓஞ்சாத்தான் திரும்புவாங்க."

அதை அப்படியே வந்து ஜன்னலோரம் நின்று அவன் சொன்னபோது மாரிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "கைய நீட்டுறதுதான் கூப்பாடு" என்றாள். "ஊரே காலங்காத்தால கைய நீட்டிட்டு உக்காந்திருக்கு. எப்படித் திரும்புவாங்க?"

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. முப்புடாதிக்குப் பேசிப் பழக்கமில்லை. எல்லாரும் கையை மடக்கிக்கொள்ள வேண்டும், அவர்கள் திரும்பி அவளிடம் போகட்டும், இல்லாவிட்டால் அவள் இருக்கமாட்டாள், இவ்வளவுதான் சொன்னான். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. செண்பகராமன் தொண்டையைச் செருமி, "நியாயந்தான். ஆனா பரீட்சை நேரம், பிள்ளைங்களுக்கு முடிஞ்சிரட்டும்" என்றார். கோயில் கொடை முடியட்டும் என்றார் ஒருவர். மகளுக்குப் பேறுகாலம் முடியட்டும் என்றாள் ஒருத்தி. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். முப்புடாதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். இவர்களில் யாரையும் அவனால் வெறுக்க முடியவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் அன்னக்கொடி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னலருகே நின்று ஊரைத் திட்டினான். நன்றி கெட்டவர்கள் என்றான். மாரிச்செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீங்க கைய நீட்டுறதில்லையா?"

அவன் தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தான்.

"நான் தெனமும் இங்கேருந்து பாக்கேன்லா. வண்டி எடுக்கப் போறதுக்கு முன்ன அந்தப் படியில உக்காந்து கைய நீட்டுறீங்க. எல்லார்ட்டயும் ஒரு நிமிசம் நிக்கிறவங்க உங்ககிட்ட அஞ்சு நிமிசம் நிக்காங்க."

முப்புடாதிக்கு எந்த நோயும் கிடையாது. அவன் வேறொன்றுக்காகக் கையை நீட்டினான். அவளைத் தொட முடியாமல் போன நாளிலிருந்து, அவளிடமிருந்து வந்தவர்கள் அவன் உள்ளங்கையில் ஏறி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் அவனைத் தொடுகிற நேரம். ஒரு நாள் முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டி ஓட்ட அது போதுமானதாக இருந்தது. ஊரில் மற்ற எல்லாரையும்விட உரக்க அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான்.

"மொத ஆளா நீங்க மடக்குங்க" என்றாள் அவள். "ஊரு பெறவு மடக்கும்."

மறுநாள் காலையில் முப்புடாதி படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இறுக மூடி முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். அவர்கள் வந்தார்கள். மூடிய விரல்களைச் சுற்றி நின்றார்கள். முட்டிகளைத் தொட்டார்கள், விரல் இடுக்குகளைத் தொட்டார்கள், நகங்களைத் தொட்டார்கள், ஏதோ தவறு நடந்துவிட்டது போல ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் காத்திருந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே இருந்த மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் முழங்காலுக்கு வந்ததும் அவர்கள் மெல்ல விலகினார்கள். விலகியவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகாமல், இவன் வீட்டு நிலைப்படியருகே கும்பலாக நின்றார்கள்.

அதைத் தெருவே பார்த்தது. இரண்டாவதாக மடக்கியது சங்கிலி மாமா. மாரிச்செல்வியோடு டிக்கெட்டுக்காக ஊரிலேயே அதிகம் சண்டை போட்டவர், பாதி வழிக்கு முழு டிக்கெட்டா என்று கேட்டு ஒருமுறை வண்டியை மறித்து ரோட்டில் படுத்தவர். நடந்து வந்து முப்புடாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை அக்குளில் சொருகிக்கொண்டார்.

"மாமா, ஒங்க நெஞ்சுக்கு ஆகாது" என்றான் முப்புடாதி. "டாக்டரம்மா சொல்லியிருக்காவ. அவங்க நகர்ந்தா அந்தக் குழியெல்லாம் தெறந்துரும்."

"தெரியும்டே. எனக்கெதுக்கு அடுத்தவன் பொண்டாட்டி வீட்டுக் காவலு" என்றார் அவர், எரிச்சலாக. "அவட்ட ஒரு பாக்கியும் வச்சுக்கிட மாட்டேன் நான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக மடங்கியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் மேலத்தெரு முழுவதும் கையை மடக்கி உட்கார்ந்திருந்தது, இன்னொரு காலையில் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், செண்பகராமன் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார். தும்மல் கேட்டது. இருமல் கேட்டது. அறைக்குள் மாரிச்செல்வி தலையைத் தூக்க முடியாமல் போயிருந்தாள். வீட்டைச் சுற்றி அவர்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள், சுவரோரம் முழுவதும் காலை வெயிலில் பாற்கடல் நுரை ஒதுங்கியது போல மினுங்கியது, ஆனாலும் உள்ளே நுழையவில்லை. ஒரு வரிசை மட்டும் அவர்களிடமிருந்து பிரிந்து, தெருவைத் தாண்டி, அன்னக்கொடி வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒரு கூப்பாடு ஓயாதவரைக்கும் யாருமே திரும்பமாட்டார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கியது.

ஊர் அவள் வாசலில் கூடியது. புளியமரத்தடியில் பரீட்சை முடியட்டும் என்றவர்கள், கொடை முடியட்டும் என்றவர்கள் எல்லாரும் இப்போது அன்னக்கொடியைத் திட்டினார்கள். முப்புடாதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். கண் சொருகிக் கிடந்தது. டாக்டர் பக்கத்தில் ஊசி மருந்தோடு இருந்தாள். அன்னக்கொடி பிள்ளையின் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சின்னக் கைக்குள் அவர்கள் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நான் மூடமாட்டேன் அண்ணாச்சி" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே. "மைனி செத்தா பாவம் என்னைத்தான் சேரும். சேரட்டும். நான் மூடமாட்டேன்."

முப்புடாதி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் அந்தப் பிள்ளையின் கையை மடக்கியிருக்கலாம். இரண்டு விரல் போதும். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வீட்டுக்கு வந்து, குளித்து, வேட்டி மாற்றி, அறைக்குள் போய் மனைவியிடம் சொன்னான்.

மாரிச்செல்விக்குக் குரல் வரவில்லை. உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான்.

"பிள்ளை எந்திரிக்கட்டும்."

அவன் வெளியே வந்து அதை ஊருக்குச் சொன்னான். திட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்கு மினுங்கிக்கொண்டு போகிற அந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் ஊர் உட்கார்ந்துகொண்டது. கோழி வந்தால் விரட்டினார்கள், காற்றடித்தால் முந்தானையால் மறைத்தார்கள். ஒரு பிள்ளையின் தலைக்குள் நடக்கிற சண்டைக்கும், ஒருத்தியின் நெஞ்சுக்குள் அவிகிற மூச்சுக்கும் நடுவில், ஒன்றும் செய்ய முடியாமல், விலகாமல், அப்படியே இருந்தார்கள். முப்புடாதி தன் வாசலில் நின்று பார்த்தபோது, அன்றைக்குக் கண்ணாடிக்குள் பார்த்த அந்த வீடு வீடான அணுக்கள் நினைவுக்கு வந்து அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

பிள்ளை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுத காலையில், அன்னக்கொடி தானே அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். அவர்கள் அவள் காலடியைத் தொடர்ந்து ஒரு நீரோடை போல வந்தார்கள். சுவரோரம் காத்திருந்தவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். டாக்டர் கதவைத் திறந்துவிட்டாள். காவல்காரர்கள் எல்லாரும் கட்டில் காலில் ஏறினார்கள்.

ஏறியவர்கள் அவள் பாதத்தருகே நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த கைகாரர்கள் அவள் கட்டைவிரலைத் தொட்டார்கள், யோசித்தார்கள், மறுபடி தொட்டார்கள். இத்தனை மாதம் ஊரையே உடம்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு, எலும்பும் தோலுமாகிவிட்ட இந்த உடம்பு யாருடையது என்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு விறைப்புப் பரவியது. டாக்டர் நூருன்னிசாவின் முகம் வெளுத்தது. "அடையாளம் தெரியலன்னா இவங்களே மாரிச்செல்விய முடிச்சிருவாங்க" என்று அவள் முப்புடாதியின் காதருகே சொன்னாள்.

அப்போது பின்னாலிருந்து சமாதானக்காரர்கள் வந்தார்கள். அவசரமில்லாமல், கூட்டத்துக்குள் வழி கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் போல வந்து, கைகாரர்கள் ஒவ்வொருவரையும் ஒட்டி நின்று, தணித்து, முன்னால் போய் அவள் பாதத்துக்கும் படைக்கும் நடுவில் நின்றார்கள். ஓரமாகவே நிற்கிற ஞாபகக்காரர்கள் மெல்ல மேலேறி, முழங்கால், வயிறு என்று கடந்து நெஞ்செலும்புக் குழியின் விளிம்பில் நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்களோ, அறையில் இருந்தவர்கள் யாருக்கும் தெரியாது. பிறகு அவர்களில் ஒருவர் உள்ளே இறங்கினார். அதற்குப் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள்.

பங்குனி கடைசியில் மாரிச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். ஊரில் காய்ச்சல் வழக்கம் போல வந்தது, போனது. மருந்துக்கடைக்காரர் செல்போன் கவர்களை ஒதுக்கிவிட்டு மருந்தை எடுத்து அடுக்கினார். டாக்டரின் வாசலில் கூட்டம் நின்றது.

ஆனி சாரலில் சங்கிலி மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் கூடவே இருந்து பார்த்தாள். பழைய குழிகள் நிறைய இருந்தன, மருந்து போய்ச் சேர்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாரிச்செல்வி வீட்டைவிட்டு வெளியே வந்த முதல் நாள் அதுதான். வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. முப்புடாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்த பாதையில் நின்று நின்று சுடுகாட்டுப் பாதைக் குடிசைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் ஒப்பாரி நின்றது. சங்கிலி மாமாவின் மனைவி சுந்தரவடிவு என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மாரிச்செல்வி அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

சுந்தரவடிவு அவளை நெடுநேரம் பார்த்தாள்.

"இருபது வருசமா இவரு இருமலுக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தேன்" என்றாள். "போன ஐப்பசியிலேருந்து மாசி வரைக்கும் இவரு தூங்கினாரு. பச்சப்பிள்ள மாதிரித் தூங்கினாரு. நான் தூங்காம பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிறகு கையை நீட்டி, மாரிச்செல்வியின் நெஞ்சில், அந்தக் குழியருகே வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவள் முகம் மாறுவதை முப்புடாதி பார்த்தான்.

"என்ன அத்தை?" என்று கேட்டான்.

சுந்தரவடிவு ஒரு விரலை உதட்டில் வைத்தாள். அவன் குனிந்து தன் கையையும் அங்கே வைத்தான். உள்ளே, எலும்புக்குப் பின்னால், மிக மெல்லியதாக ஓர் அசைவு இருந்தது. பெரிய கூட்டம் ஒன்று, யாரும் சொல்லாமலே, சங்கிலி மாமாவுக்காகச் சத்தமில்லாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தது.